தைத்து மூடிய கடைசி அத்தியாயம்

என் மனைவி எந்தக் கதைப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் வாசிப்பாள். வெறும் காதல் கதை என்றாலும் பரவாயில்லை, அவள் வாசிப்பதெல்லாம் மர்மம் கலந்த காதல் கதைகள். யார் கொன்றது, யார் ஒளித்தது என்று கடைசிவரை மறைத்து வைத்திருப்பதை இவள் முதல் நாளே அறிந்துவிட்டு, பிறகு முதல் பக்கத்தில் இருந்து ஆறுதலாகத் தொடங்குவாள். கலியாணமான புதிதில் நான் கேலி செய்தேன்.

"செத்துப் போறவன்ட கதையில நான் என்னத்துக்கு மனச வைக்கோணும்?" என்றாள். "ஆள் தப்புறான் எண்டு தெரிஞ்சாத்தான் எனக்குக் கதை இறங்கும்."

அவள் நாவற்குடாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தாள். நான் களுவாஞ்சிக்குடிக்காரன், கூட்டுறவுக் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வேலை பார்த்தவன். எங்கள் பக்கத்தில் கலியாணமென்றால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். பெண்ணுக்கு வீடு இல்லாமல் பேச்சே தொடங்காது. தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லாத வீட்டில் அந்தச் சுமையை அவளுடைய தம்பி சுமந்தான். அவன் மேசன். பகலில் ஊரார் வீடுகளைக் கட்டிவிட்டு, பின்னேரங்களில் வந்து அக்காவுக்கு இந்த வீட்டைக் கட்டினான். நான் வந்து குடியேறியபோது குசினிச் சுவரில் ஈரம் காயவில்லை. தனக்கென்று ஒரு அறைகூட அவன் வைத்துக்கொள்ளவில்லை, விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டான். நானும் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டேன்.

புத்தகங்கள் வந்தது டச்பாரில் இருந்து. அங்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் வெள்ளைக்காரர் வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் இருந்தன. அவர்களில் ஒரு அன்ரி கலியாண உடுப்புத் தைப்பதில் பேர் போனவர். என் மனைவியின் கூறைச் சட்டையும் அவர் தைத்ததுதான். அவரிடம் இரண்டு அலுமாரி நிறைய இந்த நாவல்கள் இருந்தன. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து. ஒரு மாளிகை, ஒரு கோபக்காரப் பிரபு, கையில் காசில்லாத ஆனால் வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லாத ஒரு பெண். மூன்றாவது அத்தியாயத்துக்குள் யாராவது ஒருவர் காணாமல் போவார். அட்டைப்படத்தில் அந்தப் பெண்ணின் சட்டை தோளில் நிற்காது. பிரபுவுக்கோ சட்டையில் பொத்தானே இருக்காது.

அந்தப் படங்களை வீட்டில் வைத்திருக்க முடியுமா? மனைவி பழைய கலண்டர் தாளை எடுத்து எல்லாவற்றுக்கும் உறை போட்டாள். எங்கள் வீட்டுக் கலண்டர்களில் எப்போதும் முருகன்தான். பக்கத்து வீட்டு மாமி வரும்போதெல்லாம் மேசையில் கிடந்த புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "இந்தக் காலத்திலயும் இப்பிடிப் பக்தியா வாசிக்கிற புள்ளயள் இருக்கிறாளுகள்" என்று ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தார். ஒருமுறை சோதனைக்கு வந்த ஆமிக்காரன் ஒருவன் சந்தேகப்பட்டு உறையைக் கழற்றினான். வேலும் மயிலும் போய்த் தோள் தெரிந்தது. அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அடையாள அட்டையைக்கூடப் பார்க்காமல் திருப்பித் தந்தான். என் மானம் போனாலும் அன்றைக்கு உயிர் தங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதை நடக்கும். தம்பிக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் சொல்லிக்கொள்வேன், மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆகவே அவள்தான் சொல்லுவாள். அவளுடைய வாயில் பிரபு எங்கள் பக்கத்து நிலக்காரப் போடியாராகிவிடுவார். அவருடைய பண்ணை வயல் வட்டையாகும். பிரபுவின் வீட்டுக் காரியங்களைப் பார்க்கிற கோட்டுப் போட்ட வேலைக்காரன், போடியாரின் வயலைப் பார்க்கிற முல்லைக்காரனாக மாறி வெற்றிலை சப்புவான். லண்டன் புகாருக்கு மார்கழிப் பனி. தம்பி கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்துகொண்டு, "வேற ஒருத்தருமில்ல, முல்லைக்காரன்தான் செய்திருக்கான்" என்பான். எல்லாக் கதையிலும் அவனுக்கு முல்லைக்காரன்தான் குற்றவாளி. ஒரு கதையிலும் அது சரிவந்ததில்லை.

ஆனால் போன ஆள் திரும்பி வருவானா இல்லையா என்பதை மட்டும் அவன் பிழையில்லாமல் சொல்லிவிடுவான். அக்காவுக்குத்தான் முடிவு தெரியுமே. அவளோ முகத்தில் எதையும் ஒளிக்கத் தெரியாதவள். இவன் கதையைக் கேட்பதில்லை, அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். "அத்தான், பயப்படாதீங்க. ஆள் வரும். அக்காட முகத்தில தெரியுது" என்பான். அவள் கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள்.

இதை அன்ரியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். அந்த நத்தாருக்கு, கிறிஸ்மஸ் அன்று, நாங்கள் மூன்று பேரும் டச்பாருக்குப் போனோம். அன்ரி கேக்கும் வைனும் தந்து, புறப்படும்போது ஒரு புத்தகத்தையும் தந்தார். கடைசி அத்தியாயத்தின் தாள்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரம் முழுக்க வெள்ளை நூலால் தைத்திருந்தார். கலியாணச் சட்டைக்குப் போடுகிற அதே பொடித் தையல். "மகள், இந்த ஒருக்காலாவது நேர்மையா வாசி. முன்னுக்கிருந்து வாசிச்சிட்டு வந்து பிறகு வெட்டு" என்றார். தம்பி கைதட்டிச் சிரித்தான். அவனுக்கும் ஒரு முறையாவது முடிவு தெரியாத முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது.

அடுத்த நாள் காலையில் கடல் வந்தது.

எங்கள் வீடுவரை அது வரவில்லை. ஓடி வந்தவர்கள்தான் வந்தார்கள். தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு டச்பார்ப் பக்கம் போனான். நான் பின்னால் ஓடினேன். எங்கே எது இருந்தது என்றே தெரியவில்லை. இவ்வளவு வீடு கட்டினவன், தான் கட்டின வீடு ஒன்றின் அத்திவாரத்தின் மேல் நின்றுகொண்டு அது யாருடைய வீடு என்று என்னிடம் கேட்டான். அன்ரியின் தையல் மெசின் மணலில் தலைகீழாகப் புதைந்து கிடந்தது. தாழங்காட்டுக்குள் புத்தகங்கள் ஊறிப் பெருத்துக் கிடந்தன. அன்ரியைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். தூக்கியவர்களில் தம்பியும் ஒருவன். சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அவன்தான் அக்காவிடம் சொன்னான். எங்கள் மூன்று பேராலும் அன்றைக்குச் செய்யக்கூடியதாக இருந்தது அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடந்ததுதான்.

நூல் போட்ட புத்தகம் எங்களிடம் தங்கிவிட்டது. சில மாதம் கழித்துத் தம்பிதான் அதை எடுத்துத் தந்தான். "அன்ரி சொன்னபடி வாசி அக்கா. அவவுக்குச் சொன்ன சொல்லு" என்றான். அவள் முதல் தடவையாக முன்னிருந்து வாசித்தாள். கலியாணத்துக்கு நாள் குறித்த ஒரு போடியார், வாசலில் நின்ற குதிரைவண்டியில் ஏறிப் போகிறார். போனவர் போனவர்தான். அந்தப் பெண் காத்திருக்கிறாள். ஊர் அவளைக் கறுப்பு உடுப்புப் போடச் சொல்கிறது, அவள் மாட்டேன் என்கிறாள். கதை நூல் போட்ட இடத்துக்குக் கிட்ட வந்தபோது தம்பிக்கு வடக்கில் வேலை கிடைத்தது. முல்லைத்தீவுப் பக்கம் கடலில் வீடு இழந்த சனங்களுக்கு வீடு கட்டும் வேலை. மேசன்மாரைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். சண்டை நின்று வடக்குப் பாதை திறந்திருந்த காலம் அது.

"போகாத மனே" என்றாள். தம்பியை அவள் மகனே என்றுதான் கூப்பிடுவாள்.

"கட்டி முடிச்ச உடனே வாறன். நான் வந்த பிறகு நூலை வெட்டுவம். முந்திக் கிந்தி வெட்டிப் போடாத" என்றான்.

சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை மூடிவிட்டது. அவன் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். இடைக்கிடை ஒரு போன் வரும், இரைச்சலாக இருக்கும், பாதியில் அறுந்துபோகும். கடைசியாக வந்த போனில், சுகமா, சாப்பிட்டியா என்று அவள் கேட்டதெல்லாம் அவனுக்குக் கேட்கவில்லை. "அக்கா, நூலை வெட்டினியா?" என்று மட்டும் கேட்டான். "இல்ல" என்று கத்தினாள். அது அவனுக்குக் கேட்டதா என்று எங்களுக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திவிட்டு இருந்தோம். அவளுக்கு அது முடிவல்ல, தம்பி வரப் போகிறான் என்பதன் தொடக்கம். வீட்டில் உள்ள பெரிய சட்டியில் சோறு ஆக்கத் தொடங்கினாள். அவன் எப்போதும் வாசல் படலையில் இருந்தே "அக்கா, சோறு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவான். வேலையால் வந்தாலும் சரி, பத்தடி தூரத்துக் கடைக்குப் போய் வந்தாலும் சரி, அதுதான் அவனுடைய வணக்கம். எனக்கோ அவன் இனி இல்லை என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. யாரிடம் சொல்வது?

வவுனியாவுக்குப் போனோம். வடக்கில் இருந்து வந்த சனங்களை அடைத்து வைத்திருந்த முகாம்களின் முட்கம்பிக்கு வெளியே நின்று அவனுடைய படத்தைத் தூக்கிக் காட்டினோம். எங்களைப் போல எத்தனையோ பேர் படங்களோடு நின்றார்கள். உள்ளே நின்றவர்கள் எங்கள் படங்களைப் பார்த்தார்கள், நாங்கள் அவர்களுடைய முகங்களைப் பார்த்தோம். ஒருவர் மாசி மாதம் கண்டதாகச் சொன்னார், பங்கர் வெட்டிக்கொண்டிருந்தானாம். இன்னொருவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். கேட்கவேண்டிய இடமெல்லாம் கேட்டோம். எல்லா இடத்திலும் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆடி அமாவாசைதான் பெரிய தலையிடியாகிவிட்டது. அன்றைக்கு மாமாங்கத் தீர்த்தக் குளத்தில் செத்தவர்களுடைய பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டம் வைப்பது வழக்கம். மாமனாருக்குத் தம்பிதான் செய்துவந்தான். அவன் போன பிறகு அவனுக்குப் பதிலாக நான் செய்தேன். ஐயர் கடைசியில், "வேற யாரும் இருக்கா?" என்று கேட்பார். நான் இல்லை என்பேன். படியில் நிற்கிற மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சொந்தக்காரர் விடவில்லை. "செத்திருந்தானெண்டா அவனுக்கு ஆர் சோறு வைக்கிற? பசியோட அலைவானே" என்றார்கள். அந்தச் சொல் அவளைக் கொன்றுவிட்டது. உயிரோடு இருப்பவனுடைய பேரைச் சொல்லிப் பிண்டம் வைத்தாலோ அது அவனுடைய ஆயுளுக்கே ஆகாது. வைத்தால் கொன்ற பாவம், வைக்காவிட்டால் பட்டினி போட்ட பாவம். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் வருசக்கணக்காக நின்றாள். குறி சொல்கிற இடமெல்லாம் அலைந்தோம். ஒரு அம்மா வடக்கே இருக்கிறான், காலில் காயம் என்றார். ஆரையம்பதிப் பக்கம் ஒருவர் வெற்றிலையைப் பார்த்துவிட்டுக் காசு வேண்டாம் என்றுவிட்டார். அவர் காசு வாங்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு ஆடி மாதம் பிறந்த கையோடு அவள் அலுமாரியில் இருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். உறையில் முருகன் நிறம் மங்கியிருந்தார்.

"இஞ்சேருங்க. நீங்க வெட்டி வாசியுங்க. கதையில அந்த ஆள் திரும்பி வந்தா, தம்பிர பேரச் சொல்ல வேணாம். வராட்டி, இந்த முறை சொல்லுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கென்ன விசரா? எந்தக் காலத்துக் கதையோ, எந்த வெள்ளக்காரி எழுதினதோ. அதுக்கும் நம்மட பொடியனுக்கும் என்ன?"

"வெத்திலைக்கும் அவனுக்கும் என்ன? அதுக்குப் போனமே" என்றாள். "நான் வாசிக்க மாட்டன். எனக்குப் பயமா இருக்கு. நீங்க வாசிச்சிட்டு வந்து சொன்னாக் காணும்."

அடுத்த நாள் புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுபோனேன். மத்தியானம் ஆளில்லாத நேரம், களஞ்சிய அறையில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, மூட்டை அறுக்கிற பிளேட்டால் அன்ரியின் தையலை வெட்டினேன். நூல் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. என் ஆங்கிலம் மனைவி சொன்ன அளவில்தான் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக ஊர்ந்தேன். கொலைகாரன் யாரென்று எனக்கு விளங்கவில்லை, விளங்கவும் தேவையில்லை. நான் தேடியது ஒரு ஆளைத்தான்.

அவர் வந்தார். கடைசிக்கு முந்தின பக்கத்தில், மழையில் நனைந்து, மெலிந்து, தாடியோடு வந்து நிற்கிறார். அந்தப் பெண் கதவைத் திறக்கிறாள். இத்தனை வருசம் கழித்து வந்த மனிதர் காதல் வசனம் எதுவும் பேசவில்லை. சாப்பிட ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

நான் அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன். பிறகு அரிசி மூட்டையில் முகத்தை வைத்து அழுதேன். அவன் போன நாளில் இருந்து நான் அழுதது அதுதான் முதல். முகாம் வாசலில் அழவில்லை, வெற்றிலைக்காரனுக்கு முன்னால் அழவில்லை. எல்லாம் சேர்ந்து அந்த வெள்ளைக்காரப் போடியாருக்காக வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் சைக்கிளை மிதித்து வந்தேன். வாவியில் தோணிகள் நின்றன. நல்ல செய்திதானே கொண்டுபோகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவள் படலையிலேயே நின்றாள். நான் சைக்கிளை விட்டு இறங்கவும் இல்லை.

"வாறார் புள்ள" என்றேன். "கடைசியில வந்திட்டார்."

என் முகத்தைப் பார்த்தாள். தம்பி அவளை எப்படிப் பார்ப்பானோ அப்படியே பார்த்தாள்.

"நீங்க பொய் சொல்லிப் பழகாத மனிசன்" என்றாள். "உங்கட முகத்தில தெரியுது."

"சத்தியமா வாறார். இந்தா, பக்கம் இருக்கு. நீயே வாசி." புத்தகத்தை விரித்து நீட்டினேன். அவள் திரும்பிக்கொண்டாள். கையைப் பிடித்துத் திருப்பினேன், வாசித்துக் காட்டுகிறேன் என்றேன், கத்தினேன்கூட. அவள் காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அன்று பின்னேரம் தம்பியின் படத்தை இறக்கித் துடைத்து, மாமனாரின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஒரு விளக்கையும் வைத்தாள். நான் புத்தகத்தைப் பிடித்தபடி விறாந்தையில், அவன் பாய் போடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

என்னையே மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டேன். என் முகத்தில் அவள் வாசித்தது கதையின் முடிவையல்ல. நான் அத்தனை வருசமாக வாயைத் திறந்து சொல்லாததைத்தான். புத்தகத்தில் உண்மை வேறாக இருந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆடி அமாவாசைக்குக் குளத்தில் சனம் நெரிந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மாமனாருக்குச் செய்தேன். ஐயர் வழக்கம்போலக் கேட்டார், "வேற யாரும் இருக்கா?"

திரும்பிப் படியைப் பார்த்தேன். அவள் ஓமென்று தலையை ஆட்டினாள். நான் பேரைச் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன், ஒரு முறை சொன்னதே போதும். ஐயர் அதைத் திருப்பிச் சொல்லி, எள்ளும் சோறும் பிசைந்த உருண்டையை என் கையில் வைத்தார். தண்ணீரில் விட்டேன். மீன்கள் வந்தன.

பின்னால் அவளுடைய குரல் கேட்டது. எனக்குச் சொன்னதல்ல.

"சோறு இருக்கு மனே. சாப்பிடு."